மூளைப் புற்றுக்கு வைரஸ் குளிசையா? அந்த 90 வீதத்தை முதலில் எடுங்கள்

பதுளை பாமசிக்காரன்: நேற்று ஹட்டன் ராணி அக்கா இங்கே ஒரு படம் போட்டிருந்தார். "மூளைப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்கனவே கடையில் இருக்கிறது, வைரஸ் குளிசைதான், 90 வீதம் பேர் பிழைக்கிறார்கள், டொக்டர்மார் மறைக்கிறார்கள்" என்று. இன்று காலை கடை திறந்ததும் ஒருவர் போனில் அதே படத்தைக் காட்டி, அக்கிக்குக் கொடுக்கிற அசைக்ளோவிர் ஒரு அட்டை கேட்கிறார். அவருடைய தம்பிக்குக் கிளையோபிளாஸ்டோமாவாம், வேகமாக வளர்கிற மூளைப் புற்று அது, ரேடியேஷன் முடிந்து டெமோசோலோமைட் என்கிற புற்றுநோய்க் குளிசை போய்க்கொண்டிருக்கிறதாம். அந்த 90 வீதம் வந்த ஆய்வில் கொடுத்தது வல்கான்சிக்ளோவிர், அது வேறு வைரஸ் மருந்து. அவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது எனக்கு. படத்தை எடுங்கள்.

ஹட்டன் ராணி: அசைக்ளோவிர் என்று நான் எழுதவே இல்லை. ஆய்வு சுவீடனில், கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2013இல் நியூ இங்கிலண்ட் ஜேர்னல் ஒஃப் மெடிசினில் வந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள் 90 வீதம், மருந்து எடுக்காதவர்களில் 18 வீதம். இந்த மருந்து அடக்குகிற சைட்டோமெகலோ வைரஸ் கட்டிக்குள் இருக்கிறது என்று 2002லேயே எழுதிவிட்டார்கள். எதை எடுக்கச் சொல்கிறீர்கள்?

பதுளை பாமசிக்காரன்: 90ஐ எடுக்கச் சொல்கிறேன். மருந்து எடுத்தவர்கள் மொத்தம் 50 பேர், அவர்களில் இரண்டு வருடம் தாண்டியவர்கள் 62 வீதம். 90 என்பது முதல் ஆறு மாதத்துக்குப் பிறகும் விடாமல் மருந்து எடுத்த 25 பேரின் கணக்கு. விடாமல் எடுக்க வேண்டுமென்றால் முதலில் உயிரோடு இருக்க வேண்டும் அக்கா. சீக்கிரம் இறந்தவர் அந்த 25க்குள் வரவே முடியாது. மாதம் முழுக்க வேலைக்கு வந்து பேர் விழுந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, எங்கள் தோட்டத்தில் யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா? அந்த 18 வீதமும், யாருக்கு மருந்து யாருக்கு இல்லை என்று சீட்டுப் போட்டுப் பிரித்த குழு இல்லை, மருந்து எடுக்காத வேறு நோயாளிகளின் பதிவு.

நுவரெலியா தம்பி: எந்தக் கட்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் சொல்லுங்கள். கிளையோபிளாஸ்டோமா வேறு, மூளையைச் சுற்றிய சவ்வில் வருகிற மெனிஞ்சியோமா வேறு. படத்தில் மூளைப் புற்று என்று மட்டும்தான் இருக்கிறது.

ஹட்டன் ராணி: சரி, 62 என்றே வைத்துக்கொள்ளுங்கள், 18ஐ விடப் பெரியதுதானே. ஆனால் 90ம் பொய் இல்லை, அச்சில் இருக்கிறது. 2020இல் இன்னொன்றும் வந்தது, மருந்து எடுத்த 102 பேரில் பாதிப் பேர் 24 மாதம் தாண்டினார்கள், எடுக்காதவர்களில் பாதிப் பேர் தாண்டியது 13 மாதம்தான். அதையும் சொல்லுங்களேன்.

பதுளை பாமசிக்காரன்: சொல்கிறேன். அதுவும் சீட்டுப் போடாத கணக்கு. சீட்டுப் போட்டு நடத்திய ஆய்வு அதே குழுவிடமிருந்து 2013லேயே வந்ததே, அதை ஏன் விட்டீர்கள்? 42 பேர், ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மருந்து, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. ஆறு மாதத்தில் கட்டியின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. பாதிப் பேர் தாண்டிய ஆயுள் மருந்துக்கு 17.9 மாதம், வெறும் குளிசைக்கு 17.4 மாதம். 90 எங்கே போனது? அதோடு, கட்டிக்குள் வைரஸே தென்படவில்லை என்று எழுதிய ஆய்வுக்கூடங்களும் இருக்கின்றன.

ஹட்டன் ராணி: அந்த ஆய்வில் வெறும் குளிசை எடுத்தவர்களுக்கும் ஆறு மாதத்துக்குப் பிறகு மருந்து எடுக்க இடம் கொடுத்தார்கள். அப்புறம் எப்படி வித்தியாசம் தெரியும்? பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குவது நீங்கள்தான்.

பண்டாரவளை மாஸ்டர்: பாமசிக்காரரே, டெங்குவுக்குப் பப்பாசி இலைச்சாறு என்று நான் எழுதினபோதும் இப்படித்தான் பாய்ந்தீர்கள். கடையில் விற்காத எதுவும் உங்களுக்குப் பொய்.

பதுளை பாமசிக்காரன்: மாஸ்டர், 2020இல் கொவிட்டுக்கு மருந்தென்று கேகாலையில் கொடுத்த பாணிக்கு வரிசையில் நிற்கச் சொல்லி எழுதினதும் நீங்கள்தான். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பண்டாரவளை மாஸ்டர்: பாணியை ஏன் இழுக்கிறீர்கள்? நான் பேசியது பப்பாசி.

ஹட்டன் ராணி: பாணியையும் என் பதிவையும் ஒன்றாக வைக்காதீர்கள். பழைய மருந்து புது வேலைக்குப் போவது அதிசயம் இல்லை. எயிட்ஸுக்குக் கொடுத்த ஏ.இசட்.டி. 1964இல் புற்றுநோய்க்கென்று செய்த மருந்துதான். அப்படி ஒரு வழி இருக்கிறதென்று தோட்டத்துச் சனத்துக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ராத்திரி பஸ் ஏறிப் போகிறவர்களுக்குத்தான் தெரியும் இந்த நோய் என்னவென்று. தோட்டத்து லயக் காம்பராவில் பிறந்தவள் ஜேர்னல் படித்தால் உங்களுக்குக் குத்துகிறது.

பதுளை பாமசிக்காரன்: நானும் லயத்தில் பிறந்தவன்தான், அதைத் தூக்கிக் காட்டி வாயை அடைக்காதீர்கள். ஏ.இசட்.டி. எப்படி வந்தது? 1986 ஆய்வில் வெறும் குளிசை எடுத்த 19 பேர் இறந்தார்கள், மருந்து எடுத்தவர்களில் ஒருவர். சீட்டுப் போட்டுப் பிரித்த கணக்கு அது. அப்படி ஒன்றைக் காட்டுங்கள், நானே உங்கள் படத்தைக் கடையில் ஒட்டுகிறேன். டெமோசோலோமைட் இரத்த அணுவைக் குறைக்கும், வல்கான்சிக்ளோவிரும் குறைக்கும். இரத்தப் பரிசோதனை இல்லாமல் இரண்டையும் சேர்த்து விழுங்கினவருக்குக் காய்ச்சல் வந்தால் டிஸ்பென்சரியில் என்ன செய்வார்கள்? சுவீடனில் கிளினிக்கில் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். அது உங்கள் படத்தில் ஒரு வரி கூட இல்லை. 90 மட்டும் சிவப்பில் பெரிதாக இருக்கிறது. இரண்டு வருடம் உயிரோடு இருந்தார்கள் என்பதைப் பிழைத்துவிட்டார்கள் என்று மாற்றினது யார்?

நுவரெலியா தம்பி: கிளையோபிளாஸ்டோமாவா இல்லையா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

ஹட்டன் ராணி: டொக்டரிடம் கேளுங்கள் என்று வேண்டுமானால் கீழே ஒரு வரி சேர்க்கிறேன். 90 இருக்கும். அச்சில் இருப்பதை அழிக்க உங்களுக்கு உரிமை இல்லை.

பதுளை பாமசிக்காரன்: அப்படியென்றால் பக்கத்திலேயே "25 பேரில்" என்று அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

ஹட்டன் ராணி: முடியாது.

பதுளை பாமசிக்காரன்: நீங்கள் அந்தப் படத்தை எங்கே போட்டாலும் 25 பேர், 42 பேர் இரண்டையும் அதன் கீழே எழுதுவேன். இன்று வந்தவர் நாளைக்கு வேறு பாமசிக்குப் போவார்.

பண்டாரவளை மாஸ்டர்: பப்பாசிக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.