கடல் தூண்டிலுக்கு எந்தக் குறடு தாங்கும்? அலுமினியம் இறுகிப்போய்விட்டது

கோவளம்_கொடுவா:

வணக்கம். நான் பெரும்பாலும் முட்டுக்காடு முகத்துவாரத்திலும் கோவளம் கற்களின் மேலும் நின்று லூர் (செயற்கை இரை) போடுபவன். கொடுவா, சின்னப் பாரை, எப்போதாவது ஒரு சீலா. ஒன்றும் கிடைக்காத நாளில் கெளுத்தி. கெளுத்தியின் விஷ முள்ளைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் குறடு இல்லாமல் நான் கரைக்குப் போவதே கிடையாது.

போன வருடம் ஆன்லைனில் ஒரு அலுமினியக் குறடு வாங்கினேன். நீல நிறம், இடுப்பில் மாட்டினால் எடையே தெரியாது, பெட்டியின் மேல் பெரிதாக 'சால்ட்வாட்டர்' என்று போட்டிருந்தது. 1,800 ரூபாய். மழைக்காலம் முடிவதற்குள் ஸ்பிரிங் துருவேறி ஒடிந்தது. அப்புறம் மூட்டு இறுக ஆரம்பித்தது. இப்போது இரண்டு கையாலும் இழுத்தால்தான் வாய் திறக்கிறது. போல்ட்டைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. இத்தனைக்கும் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்ததும் கழுவித்தான் வைக்கிறேன்.

3,000 ரூபாய் வரை போடலாம். ஸ்டெயின்லெஸ் வாங்கவா, மறுபடி அலுமினியமா, இல்லை கடன் வாங்கியாவது டைட்டானியமா? பிரெய்ட் (பின்னிய தூண்டில் நூல்) ஒரே கடியில் அறுபட வேண்டும், ஸ்பிளிட் ரிங் (லூரில் முள்ளை மாட்டும் வளையம்) திறக்க வேண்டும். வேறு ஆசை ஒன்றும் இல்லை.

எண்ணூர்_இரவு:

அண்ணா, ஹார்ட்வேர் கடையில் எலக்ட்ரீஷியன் நோஸ் பிளையர் ஒன்று, பிரெய்ட்டுக்கு ஃபேன்சி ஸ்டோர் கத்தரி ஒன்று. இரண்டும் சேர்ந்து 400 தாண்டாது. துருப்பிடித்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள்ளுங்கள். கடலில் விழுந்தாலும் தூக்கம் கெடாது. நான் இப்படித்தான் ஓட்டுகிறேன்.

லேத்_பட்டறை:

எண்ணூர் தம்பி சொல்வதில் தப்பில்லை. பாறையில் நிற்பவனுக்குத் துருவில் போகும் குறடைவிடத் தண்ணீரில் போகும் குறடுதான் அதிகம். ஆனால் அந்த நோஸ் பிளையர் சாதாரணக் கார்பன் ஸ்டீல், மேலே பாலிஷ் மட்டும்தான். உப்பு பட்ட மறுநாளே சிவக்கும். அடிக்கடி மாற்றத் தயார் என்றால் சரி.

அம்பத்தூரில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு. கூடவே மீன் பிடிப்பவர்கள் இறுகிப்போன ரீல், குறடு எல்லாவற்றையும் என் மேஜையில் போட்டுவிட்டு, "அண்ணே, கொஞ்சம் பாருங்க" என்று போய்விடுவார்கள். அதனால் புதுக் குறடுகளைவிடச் செத்த குறடுகளை அதிகம் பார்த்தவன் நான். முக்கால்வாசி செத்திருப்பது மூட்டில்தான். கைப்பிடி பளபளவென்று இருக்கும், வாய் நன்றாக இருக்கும், நடு போல்ட் மட்டும் பிணமாகக் கிடக்கும். ஆகவே கடையில் நான் முதலில் பார்ப்பது மூட்டைத்தான். அங்கே எந்த உலோகத்தோடு எது ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைக் கழற்ற வழி இருக்கிறதா?

உங்கள் நீலக் குறட்டில் நடந்தது இதுதான். உடம்பு அலுமினியம், போல்ட் ஸ்டெயின்லெஸ், வெட்டும் துண்டுகள் டங்ஸ்டன் கார்பைடு. வேறு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் நனைந்தால் அது ஒரு பேட்டரி. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது, கரண்ட் ஓட அது தாராளம். இந்தக் கூட்டத்தில் எப்போதும் கரைந்துபோவது அலுமினியம்தான், ஸ்டெயின்லெஸ்ஸுக்கு ஒன்றும் ஆகாது. கரைந்த அலுமினியம் வெள்ளைப் பொடியாகிறது. அந்தப் பொடிக்கு உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும், மூட்டுக்குள் இருப்பதோ ஒரு மயிரிழை இடைவெளி. அதில் பொடி பருத்தால் இறுகாமல் என்ன செய்யும்?

'அனோடைஸ் செய்தது' என்று விற்பார்கள். அலுமினியத்தின் மேல் கட்டிய ஆக்சைடு படலம் அது, அந்த நீல நிறம் ஊறியிருப்பதும் அதில்தான், நல்ல கவசம்தான். ஆனால் குறட்டை நூறு தடவை திறந்து மூடினால் மூட்டுக்குள் அது முதலில் தேய்ந்துவிடும். அப்புறம் மிச்ச உடம்பெல்லாம் மூடியிருக்க, அரிப்பு முழுவதும் அந்தத் தேய்ந்த இடத்திலேயே குவிந்து குழி பறிக்கும். அதற்காக அலுமினியமே கூடாது என்று சொல்லவில்லை. போல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் நைலான் அல்லது டெஃப்லான் வாஷர் இருந்து, ஆலன் கீ (ஆறு மூலைச் சாவி) போட்டுக் கழற்ற முடிந்தால், வருடக்கணக்கில் ஓட்டலாம். மூட்டில் ரிவெட் அடித்திருந்தால் மட்டும் தொடாதீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவே முடியாது.

ஸ்டெயின்லெஸ் என்றாலும் ஒரு சிக்கல். அது ஒரே உலோகம் இல்லை, 304, 316, 420 என்று எண் போட்ட ரகங்கள் உள்ள ஒரு குடும்பம். 316 என்பதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்திருக்கும், கடலுக்கு அதுதான் நன்றாகத் தாங்கும். ஆனால் 304, 316 இரண்டையும் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க முடியாது. கூர் வைத்தால் நிற்காது. பிரெய்ட் வெட்ட வேண்டுமென்றால் 420 மாதிரி ஒரு ரகம் வேண்டும். அதைக் காய்ச்சிக் கடினமாக்கலாம், ஆனால் குரோமியம் 12, 13 சதவீதம்தான், மாலிப்டினமும் கிடையாது. அதனால் கவனிக்காமல் விட்டால் புள்ளி புள்ளியாகத் துரு வரும். கூரும் வேண்டும், துருவும் கூடாது என்றால் ஒரே இரும்பில் மலிவாகக் கிடைக்காது. பெட்டியில் வெறுமனே 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 420 வகைதான்.

கடையில் ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். வாயில் கப்பென்று ஒட்டினால் 420 வகை, ஒட்டவே இல்லையென்றால் 304, 316 வகை. 304-க்கும் 316-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காந்தம் சொல்லாது. ஸ்பிரிங்கில் வைத்துச் சோதிக்காதீர்கள், இழுத்த கம்பி என்பதால் நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங்கும் கொஞ்சம் ஒட்டும். உங்கள் பழைய ஸ்பிரிங் துருவேறி ஒடிந்தது என்றால் அது சாதாரண இரும்புக் கம்பி. மலிவான குறடுகளில் காசை மிச்சம் பிடிக்கும் முதல் இடம் அதுதான்.

டைட்டானியம் துருப்பிடிக்காது, அதில் சந்தேகம் வேண்டாம். எடையும் ஸ்டீலில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். ஆனால் டைட்டானியத்திலும் கூர் நிற்காது, அதனால் அங்கேயும் கார்பைடு கட்டர் தனியாகத்தான் வைத்திருப்பார்கள். விலையோ ஐந்து இலக்கம். படகில் நின்று ஜி.டி. என்ற பெரிய பாரைக்குப் பாப்பர் (தண்ணீர் மேல் தெறிக்கும் லூர்) போடுபவர் வாங்கட்டும். கோவளம் கல்லில் அது வழுக்கி விழுந்தால் நானே அழுதுவிடுவேன். இன்னொன்று, 'டைட்டானியம் கோட்டிங்' என்று 900 ரூபாய்க்கு வருவதெல்லாம் கீழே சாதாரண ஸ்டீல், மேலே தங்கக் கலரில் ஒரு மெல்லிய பூச்சு. கீறல் விழுந்தால் பூச்சு போயிற்று.

கார்பைடு கட்டர் பிரெய்ட்டை வெண்ணெயாக வெட்டும். ஆனால் நொறுங்கும் குணம். அதில் தூண்டில் முள்ளை வெட்டாதீர்கள், விளிம்பு தெறித்துவிடும். ஸ்க்ரூ போட்டு மாற்றக்கூடிய கட்டரா என்று பாருங்கள். கடையில் பிரெய்ட் துண்டு ஒன்றை நனைத்து, இழுத்துப் பிடிக்காமல் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள். இழுத்துப் பிடித்தால் மொட்டைக் கத்திகூட வெட்டும். குறட்டை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மூக்கு நுனி ஒட்டி, அடியில் கொஞ்சம் வெளிச்சம் தெரியலாம். நுனியில் வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம், சின்ன முள்ளைப் பிடிக்காது.

கடைசியாக ஒரு சந்தேகம். வீட்டுக்கு வந்து கழுவுகிறேன் என்றீர்களே, எந்தத் தண்ணீரில்?

கோவளம்_கொடுவா:

அண்ணே, இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. வீடு ஈ.சி.ஆர். பக்கம். மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர்தான், போர் தண்ணீர். ஏன்?

லேத்_பட்டறை:

நினைத்தேன். கடலோரம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்புதான். வாயில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். குழாயின் வாயில் வெள்ளைப் படிவம் கட்டுகிறதா? அப்படியானால் உப்பை உப்பால் கழுவியிருக்கிறீர்கள். அரை லிட்டர் கேன் தண்ணீர் போதும். ஒரு டம்ளரில் ஊற்றி, குறட்டின் வாயை மூட்டு வரைக்கும் முக்கி, தண்ணீருக்குள்ளேயே இருபது தடவை திறந்து மூடுங்கள். மேலே ஊற்றிக் கழுவினால் மூட்டுக்குள் போகாது. துடைத்து, திறந்தபடி காற்றாட வைத்து, காய்ந்ததும் மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. டபிள்யூ.டி. 40 ஈரத்தை விரட்டும், ஆனால் நீடித்து நிற்காது. அதோடு நிறுத்திவிடாமல் எண்ணெயும் விடுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், நாளானால் பிசினாகும்.

காய்ந்த பிறகு கழுவுவதைவிட, கரையிலேயே கிளம்பும் முன் குடிக்கும் பாட்டிலில் மிச்சமிருப்பதை ஊற்றி மூட்டை நனைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தூத்துக்குடி_வள்ளம்:

அண்ணாச்சி சொல்வது எல்லாம் சரிதான், நம்ம பக்கத்துச் சங்கதி கொஞ்சம் சேர்க்கிறேன். அப்பா வள்ளத்தில் கயிற்றுத்தூண்டில் போடுபவர். விளைமீன், கலவா, பாரை. அவரிடம் இருக்கும் குறடு எந்த ஊர்க் கம்பெனி என்றுகூடத் தெரியாது. எஞ்சின் ஸ்பேனர்களோடு ஒரே டப்பாவில், பழைய ஆயில் துணியில் சுற்றிக் கிடக்கும். கறுப்பாக இருக்கும், ஆனால் திறக்கும், மூடும். ஆயில் கையோடு இரையைத் தொட்டால் மட்டும் திட்டு விழும், மணத்துக்கு மீன் எடுக்காதாம்.

நீளத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 6 இஞ்ச் குறட்டை வைத்துக்கொண்டு சீலா வாயில் கை விடாதீர்கள். 7.5 அல்லது 8 இஞ்ச் நல்லது. கலவா முள்ளை முழுங்கியிருந்தால் 11 இஞ்ச் நீள மூக்குக் குறடு தனியாக வேண்டும். பேத்தை வந்தால் அதன் வாய்ப் பக்கமே விரலைக் கொண்டுபோக வேண்டாம், முள்ளையே கடித்து வெட்டும் பல் அது. அப்புறம் குறட்டில் சுருள் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். எண்ணூர்க்காரர் தூக்கம் கெடாது என்கிறார், ஆனால் மீன் வாயில் ட்ரெபிள் (மூன்று முனைத் தூண்டில் முள்) மாட்டியிருக்கும்போது குறடு போனால் கெடும்.

போர்ட்பிளேர்_பாப்பர்:

சென்னையிலிருந்து அந்தமான் பறந்து மீன் பிடிக்க வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: குறட்டைக் கைப்பையில் வைக்காதீர்கள். செக்யூரிட்டியில் எடுத்துக்கொள்வார்கள், திரும்பக் கிடைக்காது. செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

இன்னொன்று, முள் வெட்டத் தனியாக ஒரு சின்ன போல்ட் கட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரெபிளின் ஒரு முள் மீன் வாயில், இன்னொன்று உங்கள் உள்ளங்கையில் என்று ஆகும்போது அந்தக் கார்பைடு கட்டரை நம்ப முடியாது. பெரிய ட்ரெபிள் முள் கடினமான கம்பி.

எண்ணூர்_இரவு:

சரி, சுருள் கயிறு வாங்கிவிடுகிறேன். ஆனால் நோஸ் பிளையரை விட மாட்டேன். சின்ன முள்ளுக்கு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸும் வைத்திருக்கிறேன், ஜி.எச். எதிரே சர்ஜிக்கல் கடையில் கிடைக்கும், லாக் ஆகி நிற்கும்.

லேத்_பட்டறை:

ஃபோர்செப்ஸ் நல்ல யோசனை தம்பி. அதுவும் 420 குடும்பம்தான், கழுவி எண்ணெய் விடுங்கள். பெரிய ட்ரெபிளுக்கு வழுக்கும், அவ்வளவுதான்.

கோவளம், அந்த நீலக் குறட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் போடுங்கள். சூட்டில் அலுமினியம் ஸ்டீலைவிட அதிகம் விரியும், அதனால் துளை பெரிதாகி போல்ட் தளரும். சூடு ஆறுவதற்குள் துணியால் பிடித்து ஆலன் கீ போட்டுத் திருகுங்கள். வந்துவிட்டால், பழைய டூத் பிரஷ்ஷால் பொடியைத் தேய்த்தெடுத்து, போல்ட்டின் மரையில் பிளம்பர் சுற்றும் டெஃப்லான் டேப் ஒரு சுற்று, இரண்டு பக்கமும் நைலான் வாஷர், உள்ளே சிலிக்கான் கிரீஸ். செம்பு கலந்த கிரீஸும் கிராஃபைட் கிரீஸும் மட்டும் வேண்டாம், அலுமினியத்துக்கு அவை இன்னொரு பேட்டரி.

கோவளம்_கொடுவா:

வந்துவிட்டது அண்ணே! இரண்டாவது தடவை வெந்நீரில் போட்டதும் 'டக்' என்று திரும்பியது. போல்ட்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை, அலுமினியத் துளைதான் ஒரு பக்கம் குழிந்திருக்கிறது. கொஞ்சம் ஆடுகிறது, ஆனால் திறந்து மூடுகிறது. பாரிமுனையில் ஒரு கடையில் ஸ்பிரிங்கும் கிடைத்துவிட்டது.

அதை ஸ்பேராக வைத்துக்கொண்டு 7.5 இஞ்ச் ஸ்டெயின்லெஸ் ஒன்று 1,400-க்கு எடுத்தேன். காந்தம் கப்பென்று ஒட்டியது. ஆலன் போல்ட், நுனியில் ஸ்பிளிட் ரிங் பல் இருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிரெய்ட்டுக்குத் தனியாகக் கத்தரி. இதோடு வந்த நைலான் உறையிலேயே போட்டு வைக்கலாமா?

லேத்_பட்டறை:

கரையில் இடுப்பில் மாட்ட மட்டும். வீட்டில் வெளியே எடுத்து வையுங்கள், உறை உப்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உறையையும் அதே கேன் தண்ணீரில் அலசிக் காயப்போடுங்கள். அடியில் ஓட்டை இல்லையென்றால் ஆணியைச் சுட்டு ஒன்று போட்டுவிடுங்கள், தண்ணீர் வடியட்டும்.