புதுப்பிப்பு: பால் கக்கும் இளைய மகன்

நான்கு மாதமாகியும் ஒவ்வொரு முறை பால் குடித்த பின்பும் கக்கி அழும் என் மகனைப் பற்றியும், அதே வயதில் கொழுகொழுவென்றிருந்த அவனுடைய அக்காவோடு அவனை மனம் ஓயாமல் ஒப்பிடுவதைப் பற்றியும் முன்பு எழுதியிருந்தேன். பரிசோதித்த மருத்துவர், உணவுக்குழாயின் கீழ்முனையிலுள்ள தசைவளையம் இன்னும் முதிராததால் இரைப்பையிலிருந்து பால் மேலேறுகிறது என்றும், பெரும்பாலான குழந்தைகளுக்கு இது 12 முதல் 18 மாதங்களுக்குள் தானாகவே சரியாகிவிடும் என்றும் விளக்கினார். பாலூட்டியபின் 20 முதல் 30 நிமிடங்கள் நிமிர்த்திப் பிடிக்கிறோம். தூங்கும்போது மட்டும், கக்கினாலும், மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டுமாம். எடையை, வளர்ச்சி அட்டையில் அவனுக்கென வரையப்படும் கோட்டை வைத்தே மதிப்பிட வேண்டும் என்றார். அது மெல்ல ஏறுகிறது, ஆனாலும் அக்காவின் பழைய அட்டையை எடுத்துப் பார்க்கும் பழக்கம் (உறவினர்களும் விடுவதில்லை) எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. பச்சை நிறத்திலோ இரத்தம் கலந்தோ கக்கினால் உடனே வரச் சொல்லியிருக்கிறார். இதுவரை அப்படி நேரவில்லை.