ஐஆக்டிலில் வரம்பு சோதித்தும் கெர்னல் விழுகிறது, உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். 64 பிட் லினக்ஸில் ஒரு சென்சார் போர்டுக்கு டிரைவர் எழுதுகிறேன். ஐஆக்டில் (பயனர் நிரல் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் சிஸ்டம் கால்) வழியாக வரும் தொகுப்பில் தலைப்பு 8 பைட்: இன்ட் வகையில் கவுன்ட் (பதிவுகளின் எண்ணிக்கை), அடுத்து ஃபிளாக்ஸ். அதன் பின் பதிவுகள், ஒவ்வொன்றும் 8 பைட்.

முதலில் தலைப்பை மட்டும் காப்பி_ஃப்ரம்_யூசர் (பயனர் நினைவகத்திலிருந்து கெர்னலுக்கு நகலெடுக்கும் ஃபங்ஷன்) மூலம் எடுக்கிறேன். கவுன்ட் 64-ஐத் தாண்டினால் ஈஇன்வால் (தவறான உள்ளீடு என்னும் பிழை). பிறகு மொத்த அளவுக்கு கேமாலாக் (கெர்னலில் நினைவகம் ஒதுக்குவது), அது நல் (வெற்று முகவரி) தந்ததா என்று சோதனை, முழுத் தொகுப்பையும் மறுபடி காப்பி, அப்புறம் பஃபரில் உள்ள கவுன்ட் வரை லூப்.

சாதாரண நிரலோடு நன்றாக ஓடுகிறது. சிஸ்காலர் (தாறுமாறான உள்ளீடுகளால் கெர்னலைச் சோதிக்கும் கருவி) ஓட்டினால் கெர்னல் இரண்டு விதமாக விழுகிறது. ஒன்று அடிக்கடி வருவது: நல் பாயின்டர் என்கிறது கேசான் (கெர்னலின் நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வசதி), முகவரி ஹெக்ஸில் 10 முதல் 17 வரை. நல் சோதனைதான் இருக்கிறதே! இன்னொன்று எப்போதாவது: அதே லூப்பில் ஸ்லாப் (கேமாலாக் ஒதுக்கிய நினைவகம்) எல்லைக்கு வெளியே வாசிப்பு.

பதில்:
கவுன்ட் இன்ட் என்பதால் -1 வரலாம். அது 64-ஐ விடச் சிறியது, உங்கள் சோதனை விட்டுவிடும். 8 + (-1 × 8) = 0. கேமாலாக்கிடம் 0 பைட் கேட்டால் நல் வராது, ஜீரோ_சைஸ்_பாயின்டர் வரும். அதன் மதிப்பு 16, ஹெக்ஸில் 10. பஃபரின் கவுன்டைத் தொட்டதும் விழுந்துவிடும். வகையை யு32 (மைனஸ் எண் வராத 32 பிட் வகை) ஆக்குங்கள். அளவைக் கையால் பெருக்காமல் ஸ்ட்ரக்ட்_சைஸ் மேக்ரோவைப் பயன்படுத்துங்கள், கெர்னல் 4.18 முதல் இருக்கிறது. கணக்கு வழிந்தால் அது சைஸ்_மேக்ஸ் (அளவு வகையின் மிகப்பெரிய மதிப்பு) தரும், ஒதுக்கீடு ஒழுங்காகத் தோற்கும்.

கேட்டவர்:
முதலாவது நின்றுவிட்டது, நன்றி அண்ணா. இரண்டாவது இன்னும் வருகிறது. கவுன்ட் 64-க்குள் என்று பார்த்த பிறகும் எப்படி?

வேறொருவர்:
நீங்கள் சோதித்தது முதல் காப்பியில் வந்த கவுன்ட். லூப் ஓடுவது இரண்டாவது காப்பியில் வந்ததை வைத்து. நடுவில் பயனர் நிரலின் இன்னொரு த்ரெட் அதே இடத்தில் 4-க்குப் பதில் 5000 எழுதிவிடலாம். டபுள் ஃபெட்ச் என்பது இதுதான். டிரைவருக்குள் மியூடெக்ஸ் (பூட்டு) போட்டும் பயனில்லை, அந்த நினைவகம் பயனருடையது.

தலைப்பை ஒரே முறை எடுங்கள். அடுத்த காப்பியில் அதைத் தாண்டி பதிவுகளை மட்டும் எடுங்கள். லூப்புக்கு முதலில் சோதித்த கவுன்ட்தான்.

ஃபிளாக்ஸில் தெரியாத பிட் இருந்தாலும் ஈஇன்வால் கொடுங்கள். இன்று குப்பையை ஏற்றுக்கொண்டால், நாளை அந்த பிட்டுக்கு அர்த்தம் கொடுக்கும்போது பழைய நிரல்கள் உடையும்.

கேட்டவர்:
டிவைஸ் ஃபைல் 0600, ரூட் மட்டும்தான் திறக்க முடியும். அப்படியும் இவ்வளவு தேவையா?

வேறொருவர்:
தேவை. அந்த அனுமதியை யூடெவ் (டிவைஸ் ஃபைல்களை நிர்வகிக்கும் நிரல்) விதி ஒன்று நாளையே 0666, அதாவது எல்லோரும் திறக்கலாம் என்று ஆக்கலாம், டிரைவருக்குத் தெரியாது. அப்புறம், காப்பி_ஃப்ரம்_யூசர் தருவதை அப்படியே ரிட்டர்ன் செய்யாதீர்கள். அது காப்பி ஆகாத பைட்டுகளின் எண்ணிக்கை, நேர்ம எண். பயனர் நிரல் அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளும். மைனஸ் ஈஃபால்ட் (தவறான முகவரி என்னும் பிழை) கொடுங்கள்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன். இரவு முழுக்க சிஸ்காலர் ஓடியது, இரண்டும் வரவில்லை. இதே டிரைவரில் ரைட் பாதையும் இப்படித்தான் எழுதியிருக்கிறது, அடுத்து அதைப் பார்க்கிறேன்.