போடி–மூணாறு சொந்தங்கள்: கொடையும் கூலியும்

போடி மாமா, காலை 7.10
பெருஞ்செல்வர்களைத் திட்டும் பதிவுகளே இந்தக் குழுவில் தினமும் வருகின்றன. அவர்கள் தொழில் நடத்துவதால்தான் ஆயிரம் வீடுகளில் அடுப்பெரிகிறது. போதாததற்குப் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கட்டித் தருகிறார்கள். உழைத்துச் சேர்த்ததில் என்ன குற்றம்?

நித்யா, 7.24
சேர்த்ததே குற்றம் என்று நான் சொல்லவில்லை, மாமா. உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022-23இல் நாட்டின் மொத்தச் சொத்தில் 40.1 விழுக்காடு, மேலே இருக்கும் ஒரு விழுக்காட்டினரிடம் இருந்தது. ஒருவருடைய உழைப்பால் மட்டும் இவ்வளவு திரளுமா, அதில் யார் யாருடைய கூலி தங்கிவிட்டது என்பதே என் கேள்வி.

போடி மாமா, 7.31
கூலி பேசித்தானே வேலைக்கு வருகிறார்கள்? ஏலக்காய் விலை விழுந்த ஆண்டிலும் நான் சனிக்கிழமைக் கூலியை நிறுத்தியதில்லை. நட்டம் முதலாளிக்கு என்றால் லாபமும் அவனுக்குத்தானே?

மூணாறு பெரியம்மா, 8.02
நாங்களும் பேசித்தான் வேலைக்குப் போனோம், தம்பி. 2015இல் தேயிலைத் தோட்டக் கம்பெனி போனஸை 19 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைத்தபோது, 232 ரூபாய் தினக்கூலிக்குக் கொழுந்து கிள்ளிய நாங்கள் மூணாறு சாலையில் உட்கார்ந்தது உனக்கு நினைவிருக்கும். ஒன்பது நாளுக்குப் பிறகு 20 விழுக்காடு தர ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அதில் 8.33 மட்டுமே போனஸ், மீதி 11.67 கருணைத்தொகை என்று எழுதினார்கள். அப்போதைய போனஸ் சட்டம் சொன்ன குறைந்தபட்சமே அந்த 8.33தான். மற்றது மனமிரங்கிக் கொடுத்ததாகக் கணக்கில் ஏறிவிட்டதால், மறுவருடம் அதை உரிமையாகக் கேட்க வழியில்லை. வெயிலில் உட்கார்ந்து வாங்கிய பணத்துக்கு நாங்களே நன்றி சொல்லவேண்டியதாயிற்று. மருத்துவமனைக்கு யாரோ கோடி கொடுத்தார் என்று நீ அனுப்பும்போதெல்லாம், அவர் தன் ஆட்களுக்கு எந்தக் கணக்கில் என்ன எழுதினார் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

கம்பம் அண்ணன், 8.15
நட்டத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், மாமா. தேயிலை விலை சரிந்து 2000ஆம் ஆண்டு வாக்கில் பீருமேட்டுப் பக்கம் தோட்டங்களைப் பூட்டியபோது முதலாளிகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். கூலியும் பணிக்கொடையும் வராமல் லயத்திலேயே, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலேயே, கிடந்தவர்கள் தொழிலாளிகள். ஒருவர் வைத்திருக்கும் நிலத்துக்குக் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் உச்சவரம்பு வைத்தபோதும் தோட்டங்களுக்கு விலக்கு உண்டு. அங்கே தலைமுறையாக உழைத்தவர்களுக்கோ ஓய்வுபெற்ற பின் ஒதுங்கச் சொந்தமாக ஒரு சென்ட் இல்லை.

போடி மாமா, 8.40
அக்கா, அந்தக் கருணைத்தொகை விவரம் எனக்குத் தெரியாது, அது நியாயமில்லை. அதற்காகச் சொத்துக்கு வரி போட்டால் முதலீடு ஓடிவிடும். செல்வ வரி இருந்தபோது என்ன கிடைத்தது? 2013-14இல் நாடு முழுவதும் வசூல் 1,008 கோடிதான். 2015இல் எடுத்தேவிட்டார்கள்.

நித்யா, 8.52
1993 முதல் நிறுவனப் பங்குகளுக்கு அந்த வரியே கிடையாது, மாமா. பெரும்பணக்காரர்களின் சொத்து பங்குகளாக இருக்கும்போது, நகை, கார், மனை போன்றவற்றுக்கு மட்டும் வரி போட்டால் வேறென்ன வசூலாகும்? 1953இல் வந்த இறப்புச் சொத்து வரியையும் 1985இல் நீக்கிவிட்டார்கள். பிறந்த ஒரே காரணத்தால் ஆயிரம் கோடிக்கு உரியவராகும் பிள்ளைக்கு, நீங்கள் சொன்ன உழைத்துச் சேர்த்த நியாயம் எப்படிப் பொருந்தும்?

போடி மாமா, 9.05
ஆயிரம் கோடிக்கு வரி போடட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் அந்த வரம்பைக் கீழே இறக்கிக்கொண்டே வந்து என் பத்து ஏக்கரில் நிறுத்துவார்கள்.

மூணாறு பெரியம்மா, 9.09
உன் பத்து ஏக்கரை யாரும் கேட்கவில்லை, தம்பி. காலை ஜீப்பில் போடிமெட்டு ஏறி வருகிறார்களே, அவர்களுக்குச் சனிக்கிழமைக் கூலியோடு போனஸும் உண்டா என்பதை மட்டும் சொல்.