கோட்ஃபோர்சஸில் பெயருக்கு ஏன் இத்தனை நிறம்?

கேள்வி: நிரல் எழுதும் போட்டிகள் நடத்தும் கோட்ஃபோர்சஸ் தளத்தில் இப்போதுதான் சேர்ந்தேன். சிலர் பெயர் சாம்பல், சிலருக்குப் பச்சை, ஒருவருக்கு முதல் எழுத்து மட்டும் கறுப்பு, மீதி சிவப்பு. காசு கட்டினால் கிடைக்குமா?

பதில் 1: காசுக்கெல்லாம் கிடைக்காது தம்பி, போட்டியில் எடுக்கும் ரேட்டிங்தான் (திறமைக்கான புள்ளி) நிறம். 1200க்குக் கீழே சாம்பல், அப்புறம் பச்சை, 1400இல் சயான் (பச்சை கலந்த நீலம்), 1600இல் நீலம், 1900இல் ஊதா, 2100இல் ஆரஞ்சு, 2400 தொட்டால் சிவப்பு. நீ பார்த்தவர் 3000க்கு மேல், லெஜண்டரி கிராண்ட்மாஸ்டர் என்ற பட்டம் உள்ளவர்.

பதில் 2: முழுக்கக் கறுப்பு என்றால் இன்னும் ரேட்டிங்கே வாங்காதவர். எனக்கு எரிச்சல் என்னவென்றால், சாம்பல் பெயர்க்காரர் கருத்துப் பகுதியில் எவ்வளவு நன்றாக விளக்கினாலும் மைனஸ் ஓட்டு விழும், அதையே சிவப்பு சொன்னால் கைதட்டல்.

பதில் 3: வருடக் கடைசியில் பார்த்து ஏமாறாதீர்கள், அப்போது சில நாள் யார் வேண்டுமானாலும் நிறத்தை மாற்றிக்கொள்ளலாம்.