பேட்டில் மாஸ்டர் 3ஆம் லெவல்: வாளும் கேடயமும் வச்சிருக்கிறவனுக்கு எந்த மூணு மெனூவர்?

கேடயம்_18

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி ஆடுற கதை விளையாட்டு) 5ஆம் பதிப்பு, 2014 புத்தகம். அடுத்த அமர்வுல என் ஃபைட்டர் 3ஆம் லெவலுக்கு வர்றான். மெனூவர்ங்கிற சண்டை உத்திகளைக் கத்துக்கிற பேட்டில் மாஸ்டர்னு முடிவாயிடுச்சு. ஸ்ட்ரெங்த் 16, செயின் மெயில், கேடயம், லாங்ஸ்வோர்டு, டூயலிங் ஸ்டைல் (ஒற்றைக்கை ஆயுத டேமேஜ்ல +2). ஏசி (அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்) 18.

கூட இருக்கிறது ஷார்ட்போ வச்ச ரோக், கிளெரிக், விசார்டு. முன்வரிசையில நிக்கிறது நான் ஒருத்தன்தான். இதுவரை வந்த எதிரிங்க பெரும்பாலும் கோப்ளின், நடுவுல ஒரு ஓகர்.

எங்க தேடினாலும் ட்ரிப் அட்டாக் (அடிச்சுச் சாய்க்கிறது), பிரிசிஷன் அட்டாக் (குறியில பகடையைக் கூட்டுறது), ரிப்போஸ்ட் (குறி தவறினவனைத் திருப்பி அடிக்கிறது)னு அதே மூணு பேருதான் வருது. கண்ணை மூடிட்டு எடுத்துக்கலாமா? மெனூவருக்குச் செலவாகுற 4 டி8 (எட்டுமுக) பகடையை எப்ப செலவு பண்றதுன்னும் சொல்லுங்க.

நிழல்கோபுரம்

அந்தப் பட்டியலில் பிரிசிஷன் இடம் பிடித்ததற்குக் காரணம் கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட் (கூடுதல் திறன்). அதில் குறியில் (அடி படுமா என்று உருட்டும் டி20 ரோலில்) 5 கழித்து டேமேஜில் 10 கூட்டுகிறோம். தவறிய அடி ஒன்றைக் காப்பாற்றினால் கிரேட்ஸ்வோர்டில் சராசரி 20 கிடைக்கும். உங்கள் லாங்ஸ்வோர்டில் டூயலிங் சேர்த்தும் 9.5தான்.

டி8 எவ்வளவு காப்பாற்றும் என்று பாருங்கள். 1 எண்ணில் தவறினால் நிச்சயம் பட்டுவிடும். 2இல் தவறினால் 8க்கு 7, 3இல் 8க்கு 6, 4இல் 8க்கு 5. 3க்கு மேல் தவறினால் பகடையை வீசுவது சூதாட்டம். கோப்ளின் ஏசி 15, உங்கள் போனஸ் +5, ஆக 10 விழ வேண்டும். காப்பாற்றத் தகுந்த ரோல் 7, 8, 9 மட்டுமே, அதாவது 15 சதவீதம். சுற்றுக்கு ஒரே அடி உள்ள 3ஆம் லெவலில் அந்த வாய்ப்பு ஆறேழு அடிக்கு ஒருமுறைதான் வரும். நேச்சுரல் 1 (டி20இலேயே 1) விழுந்தால் பிரிசிஷனாலும் பயனில்லை. எதிரியின் ஏசியை டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) சொல்லாத மேஜையில் முதல் ஓரிரு சுற்றுக்கு இதெல்லாம் ஊகம்தான்.

5ஆம் லெவலில் இரண்டாவது அடி வந்ததும் இதன் மதிப்பு கூடும். 7ஆம் லெவலில் புதிதாக இரண்டு மெனூவர் கற்கும்போது எடுத்துக்கொள்ளலாம். பழையதில் ஒன்றை மாற்றவும் அப்போது அனுமதி உண்டு.

ஆறுமுகப்பகடை

ட்ரிப்பை இந்தக் குழுவுல எடுக்காதீங்க. நல்ல மெனூவர்தான், உங்க ஆளுங்களுக்குப் பொருந்தாது.

கீழ விழுந்தவனை 5 அடிக்குள்ள இருந்து தாக்கினா அட்வான்டேஜ் (ரெண்டு டி20 உருட்டிப் பெருசை எடுக்கிறது). அதைவிட தூரத்துல இருந்து தாக்கினா டிஸ்அட்வான்டேஜ் (சின்னதை எடுக்கிறது). டிஸ்அட்வான்டேஜ் இருந்தா ரோக்குக்கு ஸ்னீக் அட்டாக்கே (கூடுதல் 2டி6 டேமேஜ்) கிடையாது. நீங்க சாய்ச்ச ஓகரை நோக்கி அவர் அம்பு விட்டா 2டி6 போச்சு. விசார்டோட ஃபயர் போல்ட்டுக்கும் அதே கதி. ஓகர் தன் முறை வந்ததும் பாதி வேகத்தைக் கொடுத்து எழுந்துடும். அப்ப லாபம் யாருக்கு? அதே சுற்றுல ஆக்‌ஷன் சர்ஜ் (கூடுதலா இன்னொரு முறை தாக்குறது) போட்டா உங்களுக்கு மட்டும்.

அதுக்குப் பதிலா மெனசிங் அட்டாக் (அடிச்சுப் பயமுறுத்துறது). உங்க டிசி (எதிரி சேவ்ல, அதாவது தப்பிக்க உருட்டுறதுல, எட்ட வேண்டிய எண்) 8 + 2 + 3 = 13. ஓகரோட ஸ்ட்ரெங்த் 19, ட்ரிப்புக்கு எதிரான சேவ்ல தோக்க 40 சதவீதம்தான் வாய்ப்பு. விஸ்டம் 7, அதனால மெனசிங்னா 70 சதவீதம். ஒரே பகடை, ஒரே டேமேஜ், எந்த சேவ் கேக்கிறோம்கிறதுலதான் இவ்வளவு வித்தியாசம். தடியன் வந்தா புத்தியில அடிக்கணும்.

பயந்த ஓகர் உங்களை நோக்கி நெருங்க முடியாது. நீங்க கண்ணுல படுற வரைக்கும் அதோட தாக்குதல் எல்லாம் டிஸ்அட்வான்டேஜ்ல. அடுத்த உங்க முறை முடியுற வரைக்கும் பயம் நிக்கும், நடுவுல அதோட ஒரு முழு முறை மாட்டும். ஏசி 18க்கு எதிரா ஓகர் 12 போடணும். டிஸ்அட்வான்டேஜ்ல கிட்டத்தட்ட 80 சதவீதம் தவறும். தவறினதும் ரிப்போஸ்ட்! ஓகர் ஏசி வெறும் 11. திருப்பி அடிச்சா 75 சதவீதம் படும், சராசரி 14 டேமேஜ். மெனசிங்கும் ரிப்போஸ்ட்டும் கேடயக்காரனுக்கு ஜோடி மாதிரி.

எங்க கைகொடுக்காதுன்னா, அனிமேட்டட் ஆர்மர், கோலம் மாதிரி பயமே தெரியாத எதிரிங்ககிட்ட. பாரி (விழுற டேமேஜைக் குறைக்கிறது) எடுக்கலாமான்னு அடுத்து தோணும், வேண்டாம். அதுவும் ரிப்போஸ்ட்டும் அடுத்தவங்க முறையில செய்யுற ரியாக்‌ஷனைத்தான் தின்னும். சுற்றுக்கு ரியாக்‌ஷன் ஒண்ணுதான்.

தளபதி_டி20

மேல சொன்னதுல ஒரு சின்ன மறுப்பு. ட்ரிப் உங்க முறையில மோசம்தான், ஆனா ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக்ல (விலகிப் போறவனை அடிக்கிறது) அருமை. ஓகர் 40 அடி வேகம். 25 அடி நடந்து உங்களைத் தாண்டி விசார்டை நோக்கிப் போறப்ப சாய்ச்சா, எழ 20 அடி வேணும், மிச்சம் 15தான். அங்கேயே கிடக்கும், தவழ்ந்துதான் போகணும். ஆனா கோப்ளின் போனஸ் ஆக்‌ஷன்ல டிஸ்எங்கேஜ் (அந்த அடி வாங்காம விலகுறது) பண்ணி நழுவிடும், அதுகிட்ட இந்த வாய்ப்பே வராது. ஹில் ஜயண்ட் மாதிரி ஹ்யூஜ் அளவு எதிரிகிட்ட ட்ரிப், புஷிங் (தள்ளிவிடுறது) ரெண்டுமே செல்லாது. அதனால மூணாவது இடத்துக்கு நானும் ட்ரிப்பைச் சொல்ல மாட்டேன்.

என் தேர்வு கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக். உங்க ஒரு அடியையும் போனஸ் ஆக்‌ஷனையும் விட்டுக்கொடுத்தா, ரோக் தன் ரியாக்‌ஷன்ல ஒரு அம்பு விடலாம். ஸ்னீக் அட்டாக் ஒரு முறைக்கு ஒரு தடவைன்னுதான் விதி. சுற்றுக்கு ஒரு தடவைன்னு பலர் தப்பா வாசிக்கிறாங்க. இது உங்க முறை, அதனால அவருக்கு இன்னொரு ஸ்னீக் அட்டாக் கிடைக்கும். எதிரிக்கு 5 அடிக்குள்ள நீங்க நிக்கிறதே அதுக்குப் போதுமான தகுதி.

கணக்கு: ரோக்கோட டெக்ஸ்டரிட்டி 16னு வச்சா 3.5 + 3, ஸ்னீக் 7, உங்க பகடை 4.5, மொத்தம் 18. நீங்க விட்டது 9.5. ரெண்டு பேரோட குறியும் ஒண்ணுதான்னா இது நேரடி லாபம். 5ஆம் லெவல்ல இன்னும் கூடும், ஏன்னா அப்ப ரெண்டு அடியில ஒண்ணைத்தான் விடுறீங்க.

குறைகளும் இருக்கு. அம்பு தவறினா பகடை போச்சு (ரிப்போஸ்ட்டும் அப்படித்தான்). மெனசிங்ல அந்தக் கவலை இல்லை, அடி பட்ட பிறகுதான் செலவு, சேவ்ல எதிரி ஜெயிச்சாலும் டேமேஜ் சேரும். செகண்ட் விண்டும் (ஃபைட்டர் தன் ஹிட் பாயிண்ட்டை, அதாவது உயிர்ப் புள்ளியை, மீட்கிறது) போனஸ் ஆக்‌ஷன்தான், ரெண்டும் ஒரே முறையில முடியாது. ரோக் 5ஆம் லெவல்ல அன்கேனி டாட்ஜ் (விழுற டேமேஜைப் பாதியாக்குறது) வாங்கினதும் ரியாக்‌ஷனைத் தர யோசிப்பார், முன்னாடியே பேசிவச்சுக்கோங்க. அப்புறம், ரோக் உங்க முதுகுக்கு நேர் பின்னால நின்னு எய்தா எதிரிக்கு ஹாஃப் கவர், ஏசியில 2 கூடும். பக்கவாட்டுல நிக்கச் சொல்லுங்க.

கேடயம்_18

ட்ரிப்பால ஸ்னீக் அட்டாக் போகும்னு யோசிக்கவே இல்லை. மெனசிங், ரிப்போஸ்ட், கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக் எடுத்துக்கிறேன். எங்க டிஎம் ஷார்ட் ரெஸ்ட் (செலவான பகடையைத் திருப்பித் தர்ற ஓய்வு) அரிதாத்தான் தர்றார். பகடையை எப்படிப் பங்கு போடுறது? ஒரே அடியில ரெண்டு மெனூவர் போடலாமா?

ஆறுமுகப்பகடை

போட முடியாது, ஒரு அடிக்கு ஒரு மெனூவர்தான். ரிப்போஸ்ட்ல அடிக்கிற அடியும் இதுல சேர்த்தி, அதோட மெனசிங்கை ஒட்ட முடியாது.

டிஎம் வழிகாட்டி சுமாரா ஒரு நாளைக்கு ரெண்டு ஷார்ட் ரெஸ்ட்னு வச்சுத்தான் கணக்கு போட்டிருக்கு. அப்படின்னா 12 பகடை. ரெஸ்ட் இல்லாம மூணு சண்டை வந்தா அதே 4ஐத்தான் பங்கு போடணும். டிஎம்கிட்ட நேரா கேட்டுடுங்க, ரெஸ்ட்டை நம்பி இருக்கிற சப்கிளாஸ் இது.

கோப்ளினுக்கு 7 ஹிட் பாயிண்ட்தான், உங்க ஒரு அடியே ஏறக்குறைய முடிச்சிடும். அதுங்ககிட்ட பகடையைத் தொடாதீங்க. 59 ஹிட் பாயிண்ட் ஓகருக்கு வச்சுக்கோங்க: முதல் அடி பட்டதும் மெனசிங், ஓகரோட அடி தவறினா ரிப்போஸ்ட். கிரிட்டிக்கல் (டி20ல 20) விழுந்தா மட்டும் சேமிப்பு விதியை மறந்துடுங்க. பகடையும் ரெண்டா உருளும், டி8 ஒண்ணு ரெண்டாகும்.

நிழல்கோபுரம்

உங்கள் மேஜை 2024 புத்தகத்துக்கு மாறினால் கணக்கு கொஞ்சம் மாறும். லாங்ஸ்வோர்டுக்கு சாப் மாஸ்டரி உண்டு. அடிபட்டவனின் அடுத்த தாக்குதல் டிஸ்அட்வான்டேஜில், சேவ் கிடையாது, பகடைச் செலவும் இல்லை. அப்போது மெனசிங்குக்கான பகடையும் ரிப்போஸ்ட்டுக்கே மிஞ்சும்.