ஓட்டல் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள், அதை நம்பித் தம்பியை கேட்டரிங் சேர்க்கலாமா?

சேலத்துக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டு ஓட்டல் மேனேஜ்மென்ட்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். எங்கள் ஊரில் எந்த ஓட்டல் வாசலிலும் ‘ஆட்கள் தேவை, உணவு தங்குமிடம் இலவசம்’ என்று போர்டு தொங்குகிறது, ஆனால் உள்ளே போனால் பரிமாறுவது பெரும்பாலும் அசாம், பீகார் பையன்கள். நம்ம ஊர்ப் பையன்களே போகாத வேலைக்கு இவனை ஏன் அனுப்பணும் என்கிறார் அப்பா. 2020 ஊரடங்கில் எதிர்வீட்டு அண்ணனுக்கு ஒரே நாளில் ஓட்டல் வேலை போனதை அவர் இன்னும் மறக்கவில்லை. இப்போது தமிழ்நாட்டில் இந்தத் துறை எப்படி இருக்கிறது? உள்ளே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

அடுப்படி:
பதினாறு வருடமாகச் சென்னையில் சமையல்கட்டில் இருக்கிறேன். வேலைக்குப் பஞ்சமே இல்லை, அது உண்மை. ஊரடங்கில் ஊருக்குப் போன நம் ஆட்களில் பலர் திரும்பவில்லை. பைக் வைத்திருந்த சப்ளையர்கள் உணவு டெலிவரிக்குப் போனார்கள், இன்னும் சிலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைக்குப் போனார்கள். அங்கே எட்டு மணி நேர ஷிஃப்ட், கம்பெனி பஸ், வாரம் ஒரு லீவு. இங்கே காலை 6 முதல் 11 வரை ஒரு வேலை, மாலை 4 முதல் இரவு 11 வரை மறுபடியும். பிரேக் டூட்டி என்போம். சம்பளத்தைவிட அந்த நடு நேரம்தான் ஆளை விரட்டுகிறது, வீட்டுக்கும் போக முடியாது, தூங்கவும் முடியாது, தீபாவளி பொங்கல் என்றால் அன்றுதான் கூட்டம் அதிகம்.

அந்த இடத்தை நிரப்பியது வடமாநிலப் பையன்கள். 2023 மார்ச்சில் அவர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியதே, அந்த வாரம் எங்கள் கிச்சனில் பாதிப் பேர் ரயில் ஏறிவிட்டார்கள். மூன்று நாள் மதிய மெனுவைப் பாதியாக்கித்தான் ஓட்டினோம். அவர்கள் இல்லாமல் அடுப்பு எரியாது என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது. கை வேலை தெரிந்த பரோட்டா மாஸ்டர், குழம்பு சாம்பார் வைக்கிற சரக்கு மாஸ்டர் இரண்டு பேருக்கும் எப்போதும் கிராக்கிதான்.

மலைப்பாதை:
கொடைக்கானலில் லாட்ஜ் வைத்திருக்கிறேன். பயணிகள் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள் தம்பி. 2022-ல் உள்நாட்டுச் சுற்றுலாப் பயணிகள் வருகையில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து நாம்தான், சுமார் 22 கோடி. ஆனால் அதில் கோயிலுக்கு வந்து சாமி கும்பிட்டு அன்றே ஊர் திரும்புகிற கூட்டம் எவ்வளவு என்று யோசியுங்கள். அவர்களால் மெஸ்ஸுக்கும் டீக்கடைக்கும்தான் வேலை பெருகும், நட்சத்திர ஓட்டலுக்கு அல்ல. இங்கே மலையில் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ், 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று வரம்பு. மலை தாங்காது என்பதால் அது தேவைதான், எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் சீசனுக்கு மட்டும் ஆறு பேரை எடுப்பேன், அந்த வருடம் மூன்று பேரோடு நிறுத்திக்கொண்டேன்.

துவாக்குடி பேட்ச்:
படிப்பு என்றால் சென்னை தரமணியில் மத்திய அரசின் ஓட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரியான ஐஎச்எம், திருச்சி துவாக்குடியில் மாநில அரசு நிறுவனம், இரண்டையும் முதலில் பாருங்கள். என்சிஎச்எம் ஜேஇஇ நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். ‘கப்பலில் வேலை உறுதி’ என்று தெருவுக்குத் தெரு விளம்பரம் வைப்பவர்களை நம்பாதீர்கள். கூடப் படித்த ஒருவன் ஏஜெண்டிடம் இரண்டு லட்சம் கொடுத்துவிட்டு இன்னும் அலைகிறான். கப்பலுக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டிஜி ஷிப்பிங் தரும் ஆர்பிஎஸ்எல் என்ற ஆள்சேர்ப்பு உரிமம் வைத்திருக்க வேண்டும், வேலை கொடுப்பதற்கு நம்மிடம் பணம் வாங்கவே கூடாது. உள்ளூரில் சேர்ந்தாலும் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்றால் 21,000 ரூபாய் வரை சம்பளத்துக்கு இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு உண்டு, 20 பேரோ அதற்கு மேலோ என்றால் பிஎஃப். இதைக் கேட்டதும் முகம் மாறுகிற முதலாளியிடம் சேரவேண்டாம்.

அடுப்படி:
சேர்ப்பதற்கு முன்னால் இரண்டு மாதம் ஏதாவது ஓட்டலில் வேலைக்கு விடுங்கள். முதல் பத்து நாளிலேயே அவனுக்கே புரியும்.

சேலத்துக்காரன்:
அப்பாவிடம் பேசினேன், இதற்குச் சம்மதித்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் தெரிந்தவர் ஓட்டல், திங்கட்கிழமை முதல் போகிறான்.

அடுப்படி:
நல்லது. தெரிந்தவர் பையன் என்று கல்லாவில் உட்கார வைத்துவிடப் போகிறார், பிரேக் டூட்டியிலேயே போடச் சொல்லுங்கள்.